பேஸ் கிட்டாருக்கு மறுபடி பெயிண்ட்: மலையகத்துப் பேஸ்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். திருவிழா மேடை, கல்யாண வீடு, தேவாலயம் என்று இருபது வருடமாகப் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார், வாசிக்கிறேன். இதுவரை ஒன்பது பேஸ் கிட்டாருக்குப் பெயிண்ட் மாற்றியிருக்கிறேன். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவிய பிறகு, புதுப் பேஸ் வாங்குவது எங்கள் பையன்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. கையிலிருக்கும் பழையதையே அழகாக்கிக்கொள்ளலாமா என்று அப்போதிருந்து பலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை.

என் பேஸில் அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. முழுக்க மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்து மரம் தெரிகிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் மருந்து போடலாம். பாடி, அதாவது கிட்டாரின் மர உடல், கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அதே நிறத்தை மெல்லிய தூரிகையில் தொட்டு வைத்து, காய்ந்ததும் 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சமப்படுத்திப் பொலிஷ் போட்டால் இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. மங்கிப்போன பளபளப்புக்குக் காருக்குப் போடும் ரப்பிங் கொம்பவுண்ட் போதும்.

பெயிண்ட் பெரிய துண்டுகளாகக் கழன்று வருகிறது, வியர்வை மரத்துக்குள் இறங்கிக் கறுத்துவிட்டது, அல்லது அந்த நிறத்தைப் பார்த்தாலே எடுத்து வாசிக்க மனம் வரவில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வேலையைத் தொடங்குங்கள். மூன்றாவது காரணத்தையும் நான் சின்னதாக நினைப்பதில்லை. பிடித்த நிறத்தில் இருக்கும் பேஸைத்தான் கை தேடி எடுக்கும்.

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஃபெண்டர் வீட்டில் இருக்கிறது. அதையும் செய்யலாமா?

கை வைக்காதீர்கள். ஃபெண்டர் கம்பெனி பிரிசிஷன் பேஸை 1951இலும் ஜாஸ் பேஸை 1960இலும் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் அடித்தது நைட்ரோசெலுலோஸ் லேக்கர் என்ற மெல்லிய பூச்சு. கேட்டு வாங்கும் விசேஷ நிறங்களுக்கு டியூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்டையே எடுத்தார்கள். 60களின் கடைசியில்தான் தடித்த பொலியெஸ்டர் பூச்சுக்கு மாறினார்கள். பழைய காலத்து அசல் பூச்சோடு இருக்கும் பேஸை மறுபடி பெயிண்ட் அடித்தால் அதன் சந்தை விலை பாதியாகக்கூட விழும். உதிர்ந்து கிடந்தாலும் அந்தப் பூச்சுக்குத்தான் மதிப்பு. நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

இங்கே நான் சொல்வதெல்லாம், நம்மில் பெரும்பாலானவர் கையில் இருக்கும் சீன, இந்தோனேசியத் தயாரிப்புப் பேஸ்களுக்கானது.

பெயிண்ட் மாற்றினால் சத்தம் மாறுமா?

என் காதுக்கு மாறியதில்லை. ஒன்பது பேஸில் ஒன்றில்கூட நான் வித்தியாசம் கேட்கவில்லை. மின்சாரப் பேஸில் சத்தத்தைத் தீர்மானிப்பது கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப், உங்கள் விரல், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். உடலே பாடும் மரக்கிட்டார் விஷயம் வேறு. அதன் மேற்பலகையில் தடித்த பெயிண்ட் ஏற்றினால் சத்தம் அடங்கிப்போகும்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மலைநாட்டில் பெயிண்ட் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றில் இருக்கும் ஈரம்தான். எவ்வளவு நல்ல பெயிண்ட் வாங்கினாலும், எவ்வளவு நிதானமாக அடித்தாலும், பனிமூட்டம் இறங்கிய நாளில் அடித்தால் கெட்டுப்போகும்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பெயிண்ட் டின்னைத் திறக்கவே வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பரில் காலை வெயிலாக இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரும். நமக்கு நல்ல காலம் தைப்பொங்கல் முடிந்து மார்ச் நடு வரை. அப்போது அடித்தால் சித்திரையில் திருவிழா மேடைகளுக்குப் போகும்போது பேஸ் தயாராக இருக்கும். நுவரெலியாக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஜனவரி, பெப்ரவரியில் பகல் காய்ந்தாலும் இரவில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும். அடித்த பாடியை இரவில் வெளியே விடக் கூடாது.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் கணக்கு அப்படியே தலைகீழ். அங்கே வடகிழக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழையில்லாத காய்ந்த காலம். ஆனால் அந்த மாதங்களில் மலைக்கு மேலாக வரும் காற்று பலமாக வீசும், தூசி கிளப்பும். காற்று படாத மறைவிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளுக்குள் பார்த்தால் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் என் நேரம். புல்லில் பனி காய்ந்திருக்கும், பிற்பகல் மூட்டம் இன்னும் ஏறியிருக்காது. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடிக்கலாம், 70ஐத் தாண்டினால் டின்னை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். உள்ளேயே அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். லேக்கரும் அதைக் கரைக்கும் தினரும் ஆவியாகிக் காற்றில் பரவும், அந்த ஆவி தீப்பிடிக்கும். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம். அடுத்த காம்பராவில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், சுவருக்கும் கூரைக்கும் இடையில் திறப்பு இருக்கும். நீங்கள் உங்கள் பக்கம் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து அக்கா தேநீர் வைக்கப் பற்றவைப்பார். தொட்டிலில் பிள்ளை இருக்கும், மூச்சு வாங்கும் பெரியவர் இருப்பார். அவர்கள் எல்லாரும் அந்த மணத்தைச் சுவாசிக்க வேண்டும்.

வீட்டை விட்டுத் தள்ளிய திறந்த இடம் பாருங்கள். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு தார்ப்பாய் மறைப்பு போதும். முகத்துக்குத் துணிமாஸ்க் உதவாது, அது தூசியைத்தான் தடுக்கும். ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். கண்ணாடி, கையுறை இரண்டும் போடுங்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போதும் மாஸ்க் கழற்றாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் போனை எடுத்துப் படம் பிடியுங்கள். உள்ளே வயர் எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று நான்கைந்து கோணத்தில் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் படம்தான் கைகொடுக்கும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

அப்புறம் கம்பிகளை நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே தளர்த்துங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, எழுபது, எண்பது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவை போனதும் உள்ளே இருக்கும் டிரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி நெக்கைப் பின்பக்கம் வளைக்கப் பார்க்கும். அதையும் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்திவிட்டு நெக்கைத் துணியில் சுற்றிச் சமமான இடத்தில் வையுங்கள். அடுப்புப் பக்கமும் வேண்டாம், ஈரச்சுவரும் வேண்டாம்.

பாடியில் கம்பிகள் மாட்டியிருக்கும் உலோகத் துண்டான பிரிட்ஜைக் கழற்றினால் அடியில் ஒரு மெல்லிய வயர் எட்டிப்பார்க்கும். அதுதான் எர்த். அதை உள்ளே இழுத்துத் தொலைத்துவிட்டாலோ, அதன் நுனிமேல் பெயிண்ட் மூடிவிட்டாலோ, திரும்பப் பூட்டியதும் பேஸ் இரையும். பாடி அழகாக வந்தும் இரைச்சல் தாங்காமல் என்னிடம் கொண்டுவரப்பட்ட இரண்டு பேஸிலும் இதுதான் கோளாறு. வயர் நுனியை மாஸ்கிங் டேப்பால் சுற்றிவிடுங்கள்.

ஸ்க்ரூக்களை ஒரு அட்டையில் பேஸின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பேன். நெக்கின் ஸ்க்ரூவும் பிரிட்ஜின் ஸ்க்ரூவும் நீளம் வேறு. நீளமானதைத் தவறான ஓட்டையில் ஏற்றினால் மறுபக்கம் வந்து நிற்கும்.

பழைய பெயிண்டை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டுமா?

இல்லை. அதிகம் பேர் அநியாயமாகக் கஷ்டப்படும் இடம் இதுதான். இப்போதைய மலிவு விலைப் பேஸ்களில் இருப்பது பொலியெஸ்டர். கண்ணாடி மாதிரிக் கெட்டி. ஹார்ட்வெயாரில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் பலவற்றுக்கு அது அசையாது. வாரக்கணக்கில் தேய்த்து, பாடியின் வளைவைக் கெடுத்து, கை வலித்து விட்டுவிடுவார்கள்.

அந்தப் பொலியெஸ்டரே நல்ல அடித்தளம். மரத்தின் துவாரமெல்லாம் அதில் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 320 நம்பரில் பளபளப்புப் போகும்வரை ஒரே சீராகத் தேய்த்து, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி, அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். கெட்டி நிறம் போடுவதாக இருந்தால் இதுவே போதும். என் ஒன்பதில் ஏழு இப்படிச் செய்தவைதான்.

மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று விரும்பினால் மட்டும்தான் சுரண்ட வேண்டும். அதற்குச் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன் வேண்டும். ஓரிடத்தில் சூடு காட்டி, பெயிண்ட் இளகிக் குமிழ் விட்டதும் அகலக் கரண்டியால் தூக்கினால் தோல் மாதிரி வரும். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். பிக்அப், வயர் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் சூடு. ஆனால் ஆசைப்படுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: கெட்டி நிறம் பூசிய மலிவுப் பேஸின் கீழே நான்கைந்து துண்டு ஒட்டிய, ரேகையே இல்லாத வெளிறிய மரம்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு நாள் உழைத்துத் திறந்து பார்த்து முகம் வாடிய தம்பியை நான் பார்த்திருக்கிறேன். பிக்அப் குழிக்குள் எட்டிப்பார்த்தால் சில நேரம் மரம் தெரியும். முதலில் அங்கே பாருங்கள்.

எந்தப் பெயிண்ட் நல்லது?

மூன்று வகை நம் கைக்கு எட்டும்.

தளபாடத்துக்கு அடிக்கும் என்.சி. லேக்கர், அதாவது நைட்ரோசெலுலோஸ். பழைய ஃபெண்டர்களில் இருந்த குடும்பம்தான். இதன் பெரிய குணம், புதுப் பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். பிழை வந்தால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம், ஒட்டுத் தெரியாது. வீட்டில் செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால் மெல்லியது, சுலபமாகக் கீறல் விழும், ஈரக் காற்றில் வெளுக்கும்.

அடுத்தது அக்ரிலிக் ஸ்ப்ரே டின். மோட்டார் சைக்கிளுக்கு வாங்குவதுதான். சுலபம். ஆனால் எல்லாப் பூச்சும் ஒரே வகை, ஒரே கம்பெனி என்று எடுங்கள். அக்ரிலிக்கின் மேல் என்.சி. லேக்கரைக் கனமாக அடித்தால் கீழே இருப்பது சுருங்கி முதலைத்தோல் மாதிரி ஆகலாம். எதை எதன்மேல் அடிப்பதென்றாலும் முதலில் பலகைத் துண்டில் அடித்துப் பாருங்கள். தேயிலைக்கு நடுவே வெட்டிப்போட்ட சபுக்குமரத் துண்டு எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும்.

மூன்றாவது 2கே. இரண்டு டின்னைக் கலந்து அடிப்பது. கார்களுக்கு அடிக்கும் கெட்டியான, மின்னும் பூச்சு இதுதான். இதில் சேர்க்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை நுரையீரலை உசுப்பிவிட்டால் வாழ்நாள் ஆஸ்துமாவாக நிலைக்கலாம். கரி மாஸ்க்கை நம்பி இதை வீட்டில் அடிக்க வேண்டாம். வெளியிலிருந்து சுத்தக் காற்றுக் குழாயில் வரும் முகமூடியும் தனி அறையும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

எனக்குப் பிடித்த நான்காவது ஒன்றும் உண்டு: அரக்கு. மரப்பொலிஷ்காரர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கும் பிரெஞ்ச் பொலிஷ். நம் மலைநாட்டுக்கு அரக்கு புதிதல்ல. மாத்தளைப் பக்கம் ஹபுவிதக் கிராமத்தில் தடியிலும் பெட்டியிலும் நகத்தால் இழுத்து வண்ண அரக்கு பதிக்கும் வேலை தலைமுறையாக நடக்கிறது. ரேகை தெரியும் பாடிக்கு அரக்குப் பொலிஷ் போட்டால் வரும் பொன்னிறம் வேறு எதிலும் வராது. ஸ்ப்ரேயும் வேண்டாம். ஆனால் மேடையில் வியர்த்து வாசிப்பவருக்குத் தாங்காது, மணிக்கட்டுப் படும் இடம் சீக்கிரம் மங்கும்.

தேங்காய் எண்ணெய் பூசினால் போதாதா?

போதாது. தேங்காய் எண்ணெய் காயாது, மரத்தில் ஊறிப் பிசுபிசுக்கும், அதன்பின் எந்தப் பூச்சும் ஒட்டாது. எண்ணெய்ப் பூச்சுத்தான் வேண்டுமென்றால் காயும் எண்ணெய் எடுக்க வேண்டும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் அந்த வகை. அதிலும் பொயில்ட் என்று எழுதியது சீக்கிரம் காயும். வெறும் மரத்துக்கு மட்டும்தான் இது. மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு விடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வைக்கவும், அல்லது விரித்து வெளியே காயப்போடவும்.

ஸ்ப்ரே டின்னால் அடிப்பது எப்படி?

நெக் பூட்டும் இடத்தில், ஸ்க்ரூ ஓட்டையிலேயே ஒரு நீளக் கட்டையைப் பூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் கைப்பிடி, அதில் ஒரு கொக்கி வைத்தால் தொங்கவிடவும் ஆகும். நெக் உட்காரும் அந்தக் குழியை டேப்பால் முழுதாக மூடிவிடுங்கள். உள்ளே பெயிண்ட் ஏறினால் நெக் உட்காராது. தட்டி உட்கார வைக்கப் பார்த்தால் ஓரம் வெடிக்கும்.

குளிர் இடத்தில் டின் சரியாகப் பீச்சாது, துப்பும். கை தாங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தெடுங்கள். கொதிநீர் கூடாது, நெருப்புக் கிட்டே காட்டவே கூடாது.

25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம். பாடிக்கு வெளியே தொடங்கி, ஒரே வேகத்தில் குறுக்கே போய், மறுபக்கம் வெளியே போனதும்தான் விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஓரங்களை முதலில் அடியுங்கள், பெயிண்ட் அங்கேதான் மெலிந்துபோகும். முதல் சுற்று தூவியது போல இருந்தால் போதும். ஒரே சுற்றில் மூடிவிட வேண்டும் என்று நினைத்தால் வழிந்துவிடும்.

பிரைமர் இரண்டு மூன்று சுற்று, காய்ந்ததும் 400ல் தேய்ப்பு. நிறம் மூன்று நான்கு சுற்று. அதன்மேல் கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, எட்டு முதல் பத்து. சுற்றுக்கு ஒரு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். 400 மில்லி டின் கணக்கில் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் மூன்று வாங்கினால் ஒரு பாடிக்குச் சரியாக வரும். நிறத்தை ஒரேயடியாக வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி டவுனுக்குப் போனால் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடித்ததும் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. என்ன செய்வது?

என் முதல் பேஸுக்கு இதுதான் நடந்தது. ஜூலை மாதம், கறுப்பு லேக்கர். திருவிழா இல்லாத மாதம், கையில் நேரம் இருந்தது, மழை விட்ட ஒரு மத்தியானத்தில் அடித்தேன். கண் முன்னாலேயே கறுப்பு சாம்பல் பூத்தது. அன்றைக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்தப் பேஸ் அப்பா சீட்டுப் பிடித்து வாங்கித் தந்தது.

தினர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிரில் நீராகி, காயாத லேக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த நீர்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பதறித் துடைக்காதீர்கள். அப்படியே விட்டு, நல்ல வெயில் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தினரை மிக மெல்லியதாகத் தூவுங்கள். லேக்கர் மறுபடி இளகி, மாட்டிய ஈரத்தை வெளியே விடும், நிறம் திரும்பும். நான் பெப்ரவரி வரை காத்திருந்து அப்படித்தான் மீட்டேன். அந்தக் கறுப்புப் பேஸைத்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன்.

இது லேக்கருக்கு மட்டும்தான். 2கே வெளுத்தால் தேய்த்து மறுபடி அடிப்பதுதான் வழி.

எத்தனை நாள் காய வேண்டும்?

தொட்டால் ஒட்டாது என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வெப்பமான ஊரில் லேக்கருக்கு மூன்று நான்கு வாரம் சொல்வார்கள். நம் குளிருக்கு நான் ஆறு வாரம் விடுகிறேன். மூக்கைக் கிட்டே வைத்து முகருங்கள். தினர் மணம் கொஞ்சம் இருந்தாலும் உள்ளே இன்னும் காய்கிறது. அவசரப்பட்டு மெருகேற்றினால், பின்னால் அது சுருங்கச் சுருங்கத் தேய்ப்புக் கோடுகள் மேலே வரும். அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுக் காயவைப்பதும் வேண்டாம், புகையும் கரியும் ஒட்டும், மரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

காய்ந்த பிறகு 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஏறிப் போங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு. ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் தண்ணீர் போகாமல் மெழுகு வைத்து அடையுங்கள். ஓட்டைக்குள் ஊறினால் மரம் உப்பிச் சுற்றிலும் பூச்சு வெடிக்கும். கடைசியில் ரப்பிங் கொம்பவுண்ட், மென்மையான பருத்தித் துணி. இந்த இடத்தில்தான் முகம் தெரியத் தொடங்கும்.

எல்லாம் கஷ்டமாக இருக்கிறது. யாரிடம் கொடுக்கலாம்?

கெட்டி நிறம், கார் மாதிரிப் பளபளப்பு வேண்டும் என்றால் வாகனம் பெயிண்ட் அடிக்கும் கராஜ். நம் டவுன்களில் கை சுத்தமான பெயிண்டர்மார் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிட்டார் தெரியாது, பெயிண்ட் தெரியும். அதனால் கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் வேலை, பாடியை மட்டும் கொடுங்கள். மூன்று விஷயத்தை நேரில் நின்று சொல்லுங்கள்: நெக் குழிக்குள்ளும் ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளும் பெயிண்ட் போகக் கூடாது, பட்டியை அப்ப வேண்டாம், காருக்குச் செய்வது போலச் சூட்டில் வைத்துக் காயவைக்க வேண்டாம், ஒட்டிய பசை இளகும். தெரிந்த தம்பி ஒருவர் இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார். நெக் குழியில் ஒரு மில்லிமீற்றர் பெயிண்ட் ஏறி வந்தது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு நாள் போனது.

மர ரேகை தெரிய வேண்டும் என்றால் தளபாடத்துக்குப் பொலிஷ் போடும் பாஸ்மாரிடம் போங்கள். மரத்துவாரம் அடைக்கும் சாண்டிங் சீலர், லேக்கர் எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. முன்னால் செய்த ஒரு மேசையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சன்பர்ஸ்ட் மாதிரி நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டுமான நிறக்கலவை, அல்லது விலைமதிப்புள்ள பேஸ் என்றால் கொழும்பில் கிட்டார் வேலையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுக்கலாம். பாடியை மட்டும் போர்வையில் சுற்றிக் கொண்டுபோகலாம், நெக்கை வீட்டில் விட்டுவிடுங்கள். கேட்கும் கூலி பேஸின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் நான் கொடுக்க மாட்டேன். அந்தக் காசில் நல்ல பிக்அப்பும் புதுக் கம்பியும் வாங்கலாம், அதைச் சபையும் கேட்கும்.

நெக்குக்கும் அடிக்கலாமா?

பின்பக்கத்துக்கு மெல்லிய கிளியர் போதும். கை ஒட்டினால் 2000 பேப்பரால் பளபளப்பை எடுத்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். விரல் வைக்கும் பலகை ரோஸ்வுட் என்றால் அதில் எந்த வார்னிஷும் வேண்டாம்.

தலையில் பெரிய கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

வேண்டாம். நாளைக்கு அது கைமாறும்போது வாங்குபவர் ஏமாறுவார். அவரும் நம்மைப் போலச் சீட்டுப் பிடித்துத்தான் வாங்குவார். உங்கள் பேரை எழுதுங்கள், தோட்டத்தின் பேரை எழுதுங்கள்.

திரும்பப் பூட்டும்போது?

ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையின் வாயையும் கொஞ்சம் பெரிய துளைமுனையால் கையால் திருகி, பூச்சை மட்டும் அகற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ ஏறும்போது பூச்சைத் தூக்கி நட்சத்திரம் மாதிரி வெடிக்க வைக்கும். ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டால் லேசாக ஏறும். எர்த் வயரின் நுனியைச் சுரண்டி, பிரிட்ஜின் உலோகத்தில் நேராகப் படும்படி வைத்துப் பூட்டுங்கள். கம்பியை ஏற்றி முழுச் சுருதிக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் விட்டு டிரஸ் ரொட்டைச் சரிபாருங்கள். தளர்த்தியதைத் திரும்ப முறுக்க மறந்துவிட்டு, பேஸ் கெட்டுப்போச்சு என்று வருபவர்கள் உண்டு.

லேக்கர் அடித்த பேஸை ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் வைக்காதீர்கள், வினைல் வாரும் அதன்மேல் கிடக்க வேண்டாம். ரப்பரும் வினைலும் லேக்கரை இளக்கித் தழும்பு போடும், பல மாதம் கழித்தும். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து ஸ்டாண்டில் சுற்றிவிடுங்கள்.